பாடப்புத்தகம் வளர்த்த தெரு

கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட் தெற்கே பவ்பஜார் முனையில் தொடங்குகிறது. வடக்கே மகாத்மா காந்தி சாலை முனையோடு அதன் புத்தகப் பேர் பெற்ற பகுதி ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. விறுவிறுவென்று நடந்தால் கால் மணி நேரம்தான். ஆனால் அங்கே விறுவிறுவென்று நடக்க முடியாது.

பவ்பஜார் முனையில் புத்தகத்தின் சுவடே இல்லை. குழாயும் வாஷ்பேசினும் விற்கிறார்கள். இருந்தாலும் தமிழர்கள் அங்கே சற்று நிற்கலாம். மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய அறிவியல் கழகம் 210, பவ்பஜார் தெருவில் இருந்தது. நிதித்துறை அதிகாரியாக 1907இல் இந்த ஊருக்கு வந்த சி.வி. ராமன், டிராமில் போகும்போது அதன் பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கிவிட்டார் என்பார்கள். ஆபீஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கேதான் கிடந்தார். நோபல் வாங்கித் தந்த 1928 பிப்ரவரி 28ஆம் தேதிச் சோதனையும் அங்கே நடந்ததுதான். கழகம் பின்னாளில் ஜாதவ்பூருக்கு இடம் மாறிவிட்டது.

அடுத்து இடப்பக்கம் மருத்துவக் கல்லூரி. 1835 ஜனவரி 28இல் பிறந்தது. நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு ஐந்து நாள் மூத்தது. மதுசூதன் குப்தா 1836இல் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சாமல் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்தியது இங்கேதான்.

அதைத் தாண்டினால் 1857இல் தோன்றிய பல்கலைக்கழகம், ஹேர் பள்ளி, பிரசிடென்சி என்று வரிசை. அவற்றின் மதிலை ஒட்டியே தகரமும் பலகையும் சேர்த்து அடித்த பெட்டிக்கடைகள். கடைக்காரர் உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், கூரைவரை புத்தகம். "என்ன தாதா, எந்த செமஸ்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. ஆசிரியர் பெயரை அப்புறம்தான் கேட்பார். தன்னிடம் இல்லையென்றால் உங்களைப் போகவிடமாட்டார். பையனை நாலு கடை தள்ளி ஓடவிட்டு வாங்கித் தந்துவிடுவார்.

அரிய முதற்பதிப்பு கிடைக்கும் தெரு என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். கிடைக்கலாம். ஆனால் இந்தத் தெருவுக்குச் சோறு போடுவது கைடும் வினா வங்கியும்தான் என்பது என் கணிப்பு. அதில் இழிவொன்றும் இல்லை, தொடக்கமே அப்படித்தான். எதிர்ச்சாரியில் இருக்கும் சம்ஸ்கிருதக் கல்லூரிக்கு 1851இல் முதல்வரான வித்யாசாகர், 1847லேயே அச்சகம் வைத்தவர். புத்தகக் கடையும் நடத்தினார். 1855இல் அவர் எழுதிய 'வர்ணபரிச்சய்' வங்காளப் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக அரிச்சுவடி. எழுதுவது, அச்சடிப்பது, விற்பது மூன்றும் ஒரே ஆள் கையில்!

2020 மே மாதம் ஆம்பன் புயலில் தெருவெங்கும் புத்தகம் மிதந்தது. பெட்டிக்கடைக்கு மாடியா, கிடங்கா? கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் கூழ்.

கொஞ்சம் உள்ளே தள்ளி, பழைய ஆல்பர்ட் ஹாலில் காபி ஹவுஸ். காபி வாரியம் 1942இல் திறந்ததை 1958இல் தொழிலாளர் கூட்டுறவு எடுத்து நடத்தத் தொடங்கியது. தலைப்பாகை கட்டிய பணியாளர் கொண்டுவரும் பால் இல்லாத 'இன்ஃப்யூஷன்' கும்பகோணம் டிகாஷனுக்குப் பக்கத்தில்கூட வராது. அரட்டைக்காகத்தான் போக வேண்டும். நாக்குக்கு என்றால் பக்கத்திலேயே 1918 முதல் இருக்கும் பாரமவுண்ட் கடையின் இளநீர் சர்பத்.

மகாத்மா காந்தி சாலையைக் கடந்து இன்னும் சற்று வடக்கே போனால் அதே சாலைக்குப் பெயர் பிதான் சரணி. புத்தகம் வாங்குகிற எண்ணமிருந்தால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்.