இரு படங்கள், ஓர் ஒளி

நமக்குக் கண்கள் இரண்டு. காணும் காட்சியோ ஒன்று. ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்த இரு விழிகளும் ஒரே பொருளைச் சற்றே வேறான கோணங்களில் காண்கின்றன. அச்சிறு வேறுபாட்டைக் கொண்டு மூளை ஆழத்தை உணர்கிறது. இவ்வுண்மையை ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் விளக்கினார். இரு வில்லைகள் கொண்ட கேமராவில் எடுத்த இணைப் படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் நோக்கும்போது, தட்டையான தாளில் காட்சி எழுந்து நிற்பது இதனால்தான்.

இத்தகைய படங்களை அச்சிடும் இருட்டறை எனக்கு ஒரு பள்ளியாயிற்று. தனிப்படம் அச்சிடுபவர் தம் சுவைக்கேற்ப ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம். இணைப்படத்தில் அவ்வுரிமை இல்லை. ஒன்று வெளிறி மற்றொன்று கறுத்திருந்தால், தனித்தனியே அவை எவ்வளவு அழகாயினும், சேர்ந்து நோக்குகையில் காட்சி மினுமினுத்து அலைபாயும்.

எங்கள் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், மறைந்த தம் கணவர் எடுத்த இணை நெகட்டிவ் ஒன்றைக் கொண்டுவந்தார். திண்ணையில் அவர்களுடைய பிள்ளைகள். வலப்பக்க நெகட்டிவ் அடர்ந்திருந்தது. இரண்டுக்கும் என்லார்ஜரில் 8 நொடி ஒளி கொடுத்தபோது வலப்படம் வெளிறியது. சோதனைத் துண்டுகளில் படிப்படியாக நேரத்தைக் கூட்டினேன். 11 நொடியில் சுவரின் வெண்மை இரண்டிலும் ஒத்தது. இளைய மகனின் முகம் நிழலில் இருண்டிருந்ததால், கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டால் அவ்விடத்து ஒளியைச் சிறிது நேரம் மறைத்தேன். ஒரு படத்தில் மட்டும் அவ்வாறு செய்தால் முகம் மினுங்கும், இரண்டிலும் வேண்டும். முகம் அமைந்த இடமோ இரு படங்களிலும் சற்று வேறு. அட்டையும் முகத்தைப் பின்தொடர வேண்டும். பின்னர் இரு தாள்களையும் ஒரே தட்டில், ஒரே டெவலப்பரில், ஒரே கால அளவு வைத்தேன். ஈரத்தில் வெளிறித் தோன்றும் படம் உலர்ந்தால் சற்றுக் கறுக்கும். எனவே உலர்ந்த பின்னரே ஒப்பிட்டேன்.

மூதாட்டி நெடுநேரம் நோக்கினார். "சாமி, சின்னவன் தூணுக்குப் பின்னாலேல்ல நிக்கிறான்!" என்றார். தனிப்படத்தில் அவன் தூணோடு ஒட்டியவன்போல் இருந்தான்.

இரு நெகட்டிவ்களுக்கும் ஒரே அளவு நேரம் கொடுப்பது நீதிபோல் தோன்றும். அடர்ந்ததற்கோ கூடுதல் நேரம் தேவை. இவ்வாறு ஒளியில் ஒத்திசைவு காண விழையும் நாம், கோணத்திலும் வேறுபாட்டை ஒழித்துவிடலாகாது. ஒரே நெகட்டிவிலிருந்து இரு பிரதிகள் எடுத்து வைத்தால் ஒளி முற்றும் ஒத்திருக்கும்; ஆழம் மறைந்துவிடும். இருவர் சேர்ந்து வாழும் எந்த வீட்டிலும் சரிசெய்ய வேண்டிய வேறுபாடு ஒன்றும், காக்க வேண்டிய வேறுபாடு ஒன்றும் உண்டு. அவற்றைப் பிரித்தறியப் பொறுமை வேண்டும்.