டியூட் யாருடைய சொத்து?

இலங்கைக்கு வெளியே வாழும் வாசகர்களுக்கு ஒரு சொல்லை முதலில் விளக்கிவிட வேண்டும். எங்கள் நாட்டில் தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர் அச்சிட்டு வழங்கும் பாடக்குறிப்புக்கு 'டியூட்' என்று பெயர். உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பாடநூலைவிட அதுவே பெரிது. பதுளை நகரில் சனி, ஞாயிறு காலைகளில் மலையிலிருந்து இறங்கும் பஸ்களில் ஏறிப் பாருங்கள். பிள்ளைகளின் மடியில் இருப்பது பாடநூல் அல்ல, டியூட் கட்டு. அதன் முதற் பக்கத்தில், பல வேளைகளில், 'பிரதி செய்தல் தடை' என்றும் பொறித்திருக்கும்.

அந்த ஒரு வரியால் அண்மையில் என் உறவினர் குடும்பத்தில் பெரிய மனவருத்தம் ஏற்பட்டது. என் அக்காவின் மகன் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் வேலை செய்பவர். அவருடைய மகள் இரசாயனவியல் வகுப்பில் கிடைத்த டியூட்டை அடுத்த லயத்தில் இருக்கும் தோழிக்குக் கொடுத்தாள். அந்தத் தோழிக்கு வகுப்புக்குப் போக வசதியில்லை. அவள் டவுனில் அதைப் போட்டோ கொப்பி எடுத்தாள். செய்தி ஆசிரியர் காதுக்கு எட்டியது. நிறைந்த வகுப்பில் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, இனி உனக்கு டியூட் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"மாமா, நாம காசு குடுத்து வாங்கின பொருள நாம ஒருத்தருக்குக் குடுக்கப்புடாதா?" என்று தகப்பன் என்னிடம் கேட்டார். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. மூன்று பாடங்களுக்கு வகுப்புக் கட்டணம், பஸ் காசு, டியூட் காசு என்று அவர் ஒவ்வொன்றையும் நாட்சம்பளத்தில்தான் எண்ணிப் பார்ப்பார். அவருடைய கேள்வியில் இருந்த வெப்பம் எனக்குப் புரிந்தது.

சட்டத்தைப் புரட்டினேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியர் எழுதிய குறிப்பையும் ஓர் ஆக்கமாகவே பாதுகாக்கிறது. அவர் காலத்துக்குப் பின்னும் 70 ஆண்டுகளுக்கு. ஆனால் அதே சட்டம் கருத்துக்கும் கோட்பாட்டுக்கும் உரிமை கொண்டாட இடம் தருவதில்லை. அன்றாடச் செய்திக்கும் இல்லை. என் தொழிலில் பல்லாண்டு உழைத்தவர்களுக்கு அது பழகிய வலி. கற்பித்தலுக்காகவும் ஆய்வுக்காகவும் பிரதி செய்வது 'நியாயமான பயன்பாடு' ஆகலாம் என்றும் சட்டம் சொல்கிறது. பயன்பாட்டின் நோக்கம் என்ன, எவ்வளவு பிரதி செய்யப்பட்டது, மூல ஆக்கத்தின் சந்தை எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பவற்றைப் பார்க்கவேண்டும். நான் வழக்கறிஞன் அல்லன். ஆயினும், வாங்கிய தாளைத் தோழிக்கு இரவலாகக் கொடுப்பது பிரதி செய்தலே ஆகாது என்பதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. கடையில் எடுத்த அந்த ஒரு பிரதிதான் விவாதத்துக்குரியது.

டில்லிப் பல்கலைக்கழக வளாகத்துச் சிறிய பிரதிக் கடையொன்றின் மீது ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பெரும் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். பாடத்திட்டப்படி தொகுத்த பிரதிகளை மாணவருக்கு விற்றது குற்றம் என்பது அவர்கள் வாதம். 2016இல் உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2017இல் பதிப்பகங்கள் வழக்கையே கைவிட்டன. ஆனால் அங்கே எதிரில் நின்றவை உலகப் பெரும் நிறுவனங்கள். பதுளையில் எதிரில் நிற்பவர் ஒற்றை மனிதர். அவரும் லயத்தில் பிறந்து படித்து வந்தவர்.

ஆகவே அவரை நேரில் கண்டேன். மரியாதையாகவே பேசினார். "ஐயா, ஒரு டியூட் எழுத எனக்கு நாலு நாள் போகுது. அடுத்த மாசம் என் பேர வெள்ளையால அழிச்சிட்டு அதே டியூட் இன்னொரு கிளாஸ்ல ஓடுது. நான் யாரைப் பிடிக்க? கையில அம்பிட்டவளத்தான் பிடிச்சேன்." 2022இன் நெருக்கடியில் தாள் விலை ஏறிய கதையையும் சொன்னார். தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட ஆண்டு அது. அவர் கோபம் பொய்யானதல்ல. அது விழுந்த இடம்தான் பிழை. பெயரை அழித்து விற்றவன் திருடன். தோழிக்குக் கொடுத்தவள் திருடியல்லள். இருவருக்கும் ஒரே தண்டனை என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

அவர் டியூட்டைப் புரட்டியும் பார்த்தேன். சேதன இரசாயனப் பகுதியை அருமையாக விளக்கியிருக்கிறார். அந்தப் பக்கங்கள் முழுக்க அவர் உழைப்பு. ஆனால் பாதிக்கு மேல் கடந்தகால வினாக்கள். பரீட்சைத் திணைக்களத்தின் ஒவ்வொரு வினாத்தாளின் தலையிலும் 'முழுப் பதிப்புரிமையுடையது' என்று அச்சாகியிருக்கும் என்பதை நினைவூட்டினேன். சிரித்துக்கொண்டார்.

சட்டத்தையும் காசையும் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் பெற்றோர் வெளியே சொல்வதில்லை. எங்கள் பல்கலைக்கழக அனுமதியில், கலைப் பிரிவு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பதினாறில் ஒன்று. அதாவது கொழும்புப் பிள்ளையைவிட அடுத்த லயத்துப் பிள்ளையே நேரடிப் போட்டியாளர். டியூட்டை இரவல் கொடுப்பது போட்டியாளர் கையில் ஆயுதம் கொடுப்பது என்று வகுப்பில் தகப்பன்மார் சிலரே பேசிக்கொள்கிறார்கள். ஆசிரியரிடம் கோள் சொன்னது யார் என்று விசாரிக்க நான் முற்படவில்லை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டும். பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகை பதுளைக்கு எதனால் கிடைத்தது? நகரத்துப் பெரிய பாடசாலைகளால் அல்ல. லுணுகலையிலும் நமுனுகுலையிலும் ஹாலிஎலவிலும் தோட்டத்துப் பிள்ளைகள் பெற்ற குறைந்த கல்விக்கும் அதில் பங்குண்டு. கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வி தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே எழுபதுகளில்தான். இன்றும் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் தமிழ்ப் பாடசாலைகள் மலையில் மிகச் சில. குறிப்புகள் நகரத்துக்குள்ளேயே பூட்டப்பட்டால், மலையின் பெயரால் வந்த இடங்களுக்கு மலைப் பிள்ளைகள் போட்டியிடவே இயலாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை நிறுத்தப்பட்டு 2026 ஜனவரியில்தான் மீண்டும் தொடங்கியது. வீடு இழந்த பிள்ளைக்கு இடைப்பட்ட வாரங்களில் படிக்க எது இருந்திருக்கும்? தோழி கையிலிருக்கும் பிரதியைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஆசிரியரிடம் என் யோசனையைச் சொன்னேன். அடுத்த வகுப்புக்காரர் பிரதி எடுத்து விற்பதைத் தடுக்கட்டும். அதற்கு எழுத்தில் எச்சரிக்கை போடட்டும், தேவையானால் வழக்கும் போடட்டும். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்குவதைக் கண்டுகொள்ள வேண்டாம். டியூட்டைக் கையில் வைத்திருப்பவள் விளக்கம் கேட்க நாளை அவர் வகுப்புக்கே வரக்கூடும் என்றும் சொன்னேன். வகுப்பில் அவர் விற்பது தாளை அல்லவே. விளங்காததை விளங்கவைக்கும் வாயை.

அவர் நெடுநேரம் யோசித்தார். போட்டோ கொப்பிக்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை. "கையால எழுதிக்கட்டும் ஐயா, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றார். பிள்ளைக்கு டியூட் மீண்டும் கிடைக்கிறது. இரண்டு பெண்களும் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து, பென்சீன் வளையங்களை அடிமட்டம் வைத்து வரைந்து, பக்கம் பக்கமாகப் பிரதி செய்துகொண்டிருக்கிறார்கள்.