பூட்டிய மண்ணைத் திறப்போர்

பணிமாறுதலில் ஐதராபாத்துக்கு வந்த ஆண்டில், பள்ளித் தோட்டத்துச் செம்மண்ணில் மாணவர்களுடன் மக்காச்சோளம் விதைத்தேன். பயிர் குன்றியது, இலைகள் ஊதா நிறம் கொண்டன. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பயிருக்குக் கிட்டவில்லை என்பதன் அறிகுறி அது. மேலும் மேலும் உரமிட்டேன், பெரும்பயன் விளையவில்லை.

சத்து மண்ணில் இல்லாமலில்லை. செம்மண்ணிலுள்ள இரும்பு அதனை இறுகப் பற்றிக்கொள்கிறது என்பதைப் பின்னரே அறிந்தேன். அப்பூட்டைத் திறப்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். பாஸ்போபாக்டீரியா கரிம அமிலங்களைச் சுரந்து மணிச்சத்தைக் கரைக்கிறது. வேர்ப்பூஞ்சையோ, வேர் எட்டாத இடத்துக்கும் தன் நுண்ணிழைகளை நீட்டிச் சத்தைக் கொணர்கிறது. கைம்மாறாகச் செடி அதற்குச் சர்க்கரையை அளிக்கிறது.

சில பயிர்களின் வேர்களும் இப்பணியில் பங்கு கொள்கின்றன. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972இல் தொடங்கப்பெற்றது இக்ரிசாட் ஆய்வு நிறுவனம். துவரையின் வேர் பிசிடிக் அமிலத்தைச் சுரந்து, இரும்பின் பிடியிலுள்ள மணிச்சத்தை விடுவிக்கிறது என்பதை அங்கு ஆய்ந்தோர் 1990இல் வெளியிட்டனர்.

மறுபருவத்தில் தொழுவுரத்துடன் பாஸ்போபாக்டீரியாவைக் கலந்து இட்டுத் துவரை விதைத்தோம். செடிகள் தழைத்தன.

அன்றுமுதல், தமிழ் வகுப்பில் வாய்திறவாத பிள்ளையைத் தமிழறியாதவன் என்று நான் எண்ணுவதில்லை. வீட்டில் கேட்ட தமிழ் அவனுள் இருக்கிறது. அதை வெளிக்கொணர, அருகில் அமர்ந்து பேசும் ஒரு துணையே வேண்டும்.