தொடைக்குள் ஒரு வில்

ஒலுவிலின் மணற்பாங்கான தோட்டங்களில் முள்ளங்கி முளைத்து ஈரிலை விடும் பருவத்தே, இலையெல்லாம் சல்லடைக் கண்களாய்த் துளைபட்டு நிற்கும் காட்சியை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். கடுகைவிடச் சற்றே பெரியதொரு வண்டின் வேலை அது. கையை நீட்டினாற் கண்ணுக்குத் தப்பித் துள்ளிவிடும். அதனாலேயே தெள்ளுவண்டு எனப் பெயர் பெற்றது.

குருதி குடிக்கும் தெள்ளுக்கும் இதற்கும் உறவில்லை. துள்ளுதல் ஒன்றே பொது. இஃது இலைவண்டுகளின் பெருங்குடும்பமாகிய கிரிசோமெலிடேயைச் சார்ந்தது. இந்தியா, இலங்கை, பர்மா நாடுகளின் தெள்ளுவண்டுகளை வகைப்படுத்தி 1926இல் நூல் வெளியிட்ட சமரேந்திர மௌலிக், இவற்றைத் தனித் துணைக்குடும்பமாக வைத்தார்; இக்காலத்தார் கலெருசினே என்னும் துணைக்குடும்பத்தின் ஒரு கிளையாகக் கொள்வர். பின்தொடையினுள் அமைந்த வில் போன்ற உறுப்பை 1929இல் விளக்கியவரும் அவரே. தசை மெல்ல இழுத்து அவ்வில்லில் வலுவைச் சேமிக்கின்றது. விடுபட்ட கணத்தில் வண்டு எகிறிப் பாய்கின்றது.

வில்லோடு நஞ்சும் உண்டு. கடுகு, முள்ளங்கி முதலியவற்றின் இலையை மென்றால், தனித்தனியே இருந்த மூலப்பொருளும் நொதியமும் கலந்து கார எண்ணெய் பிறக்கும். பூச்சிகளை விரட்டவே செடி அதனைச் செய்கின்றது. ஆனால் பைலோட்ரெட்டா ஸ்ட்ரியோலேட்டா என்னும் தெள்ளுவண்டு, அம்மூலப்பொருளைத் தன் உடலிற் சேமித்து, வேண்டிய நொதியத்தைத் தானே ஆக்குகின்றதென 2014இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். செடியின் படைக்கலமே பகைவன் கைக்கு மாறிவிட்டது!

சென்ற மாரிக்குப் பின், அயல் தோட்டக்காரக் காக்கா ஒருவர், "இதுக்கு மருந்தடிப்பமா, சேர்?" என நம்மை வினவினார். அவ்விளங்கீரையைச் சுண்டி உண்பவர்கள் அவர்தம் பிள்ளைகளே. ஆகவே நாம் சொன்னோம்: "அவசரம் வேண்டாம், காக்கா. இதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும். முன்பு முள்ளங்கியோ கோவாவோ நின்ற பாத்தியை விட்டு, வேறு பாத்தியில் விதையுங்கள். விதைத்த அன்றே நுண்ணிய வலையால் மூடுங்கள். நாற்றுப் பருவம் கடந்தால், சில துளைகளைச் செடியே தாங்கிக்கொள்ளும்."

அவரும் அவ்வாறே செய்தார். துளைகள் அற்றுப்போகவில்லை; கீரை மட்டும் அடுப்புக்குச் சென்றது, நஞ்சின்றி.

மாணவர்களே, வண்டின் பெயரையும் குலத்தையும் கற்பது தேர்வுக்காக மட்டுமன்று. பகைவன் எங்கே பிறக்கின்றான், எப்பருவத்தில் வலியன் என்பதை அறிந்தவனுக்கு, நஞ்சுப் போத்தலைத் திறவாமலே வேறு வழி புலப்படும்.