கைச்சீட்டும் கணக்கும்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகஞ் சுளிக்கும் அன்பர் பலர் உளர். அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. வள்ளுவர் தமது நூலின் 94-ஆம் அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கினார். சம்பள நாளன்று மங்காத்தாவில் கரைந்துபோன கூலியின் கதையை அறியாத தோட்டக் குடும்பம் நம்மிடையே அருமை. ஆயினும், ஒரு பொருளை வெறுப்பதற்கு முன் அதன் உள்ளமைப்பை ஆராய்தல் அறிவுடையோர் கடன் அன்றோ? டெக்ஸாஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் ஆட்டத்தை நான் அவ்வாறே ஆராய்ந்தேன். அதில் மிக உயர்ந்த சீட்டு கைக்கு வந்தவன் செய்யத்தக்கது யாது என்னும் ஒரே கேள்வியை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

டெக்ஸாஸ் மாநிலத்து ராப்ஸ்டவுன் என்னும் சிற்றூரே இவ்வாட்டத்தின் பிறப்பிடம் என்று அம்மாநிலச் சட்டசபை 2007-இல் ஏற்றுக்கொண்டது. 1970-இல் தொடங்கிய உலகப் போக்கர் போட்டி லாஸ் வேகாஸ் நகரில் நடந்து வருகிறது. அதன் தலையாய பந்தயம் இவ்வாட்டமே. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் இரகசியமாகக் கிடைக்கும். பின்னர் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டுகளும், அதன்பின் ஒன்றும், இறுதியில் இன்னொன்றும் மேசைமேல் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டவன் வெல்வான். இடையிடையே நான்கு முறை பந்தயம் நடைபெறும். வரம்பில்லா வகையில், ஒருவன் தன்முன் உள்ள அனைத்தையும் எந்நேரமும் நடுவே தள்ளிவிடலாம். மங்காத்தாவில் சீட்டு உள்ளே விழுமா, வெளியே விழுமா என்று பார்த்திருப்பதன்றி ஆடுவோனுக்கு வேறு வேலையில்லை. இதிலோ, எவ்வளவு வைப்பது, எப்போது விலகுவது என்னும் இரண்டும் அவன் கையில் உள்ளன. ஆட்டத்தின் அறிவெல்லாம் அவ்விரண்டிலே அடங்கும்.

ஆங்கிலப் பள்ளியில் பையிலிருந்து கறுப்பு உருண்டையும் வெள்ளை உருண்டையும் எடுக்கும் கணக்கைப் போட்டபோது, அது எதற்கு உதவும் என்று நான் அறிந்திலேன். இங்கே உதவிற்று. 52 சீட்டுகளில் இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். அவற்றுள் இரண்டும் ஏஸாக அமைவன ஆறே. ஆகவே 221 முறைக்கு ஒரு முறைதான் அது வரும். இவ்வளவு அரிதாக வருவதனாலேயே, வந்தவுடன் மனிதன் மயங்குகிறான். வெற்றி தனக்கே எழுதி வைக்கப்பட்டதாக எண்ணுகிறான்.

கணக்கு அவ்வாறு கூறவில்லை. எதிரி ஒருவனாய், அவன் சீட்டு எதுவாயினும் ஆகுக என்று இறுதிவரை சென்றால், இரண்டு ஏஸ்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 85 முறை வெல்லும். எதிரிகள் நால்வராயின் 56, ஒன்பதின்மராயின் 31. பத்துப் பேரில் ஒருவனுக்குரிய பங்கு பத்தே ஆதலால் 31-உம் நல்ல எண்தான். எனினும், பலர் நடுவே எவன் முந்திவிட்டான் என்று அறிவது அரிது. ஆதலால், சீட்டை ஒளித்து வைத்து அனைவரையும் மலிவாக உள்ளே அழைப்பது தந்திரமன்று. கட்டாயப் பந்தயத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு தொடக்கத்திலேயே உயர்த்தி, வருவோனை விலை கொடுத்து வரச் செய்வதே முறை.

பொதுச்சீட்டு மூன்றும் விழுந்தபின் மற்றொரு பாடம் தொடங்குகிறது. சிறு ஜோடி வைத்திருப்பவனுக்கு அம்மூன்றில் அதே எண் விழுந்து மூன்றாகும் வாய்ப்பு ஏறக்குறைய எட்டரை தடவைக்கு ஒரு தடவை உண்டு. அவ்வாறு ஆகிவிட்டால், ஏஸ் வைத்திருப்பவன் மீள்வது நூற்றுக்கு ஏறக்குறைய பத்தே. ஏழு, எட்டு, ஒன்பது என ஒரே சின்னத்தில் சீட்டுகள் வரிசையாய்க் கிடக்க, இதுகாறும் அமைதியாயிருந்த ஒருவன் தன் முழு உடைமையையும் தள்ளுகிறான் என்று கொள்க. அப்போது, கையிலுள்ளது வெறும் ஒரு ஜோடியே என்பதை நினைவுகூர்ந்து சீட்டைக் கவிழ்ப்பவனே ஆட்டக்காரன். “ஏஸ் வந்தும் விடுவதா?” என்று கேட்பவன் சீட்டைப் பார்க்கவில்லை, தன் ஆசையையே பார்க்கிறான்.

சரியாக ஆடியும் தோற்பது உண்டு. இதனை மறைத்தல் ஆகாது. இரண்டு ராஜாக்களுக்கு எதிரே ஏஸ்கள் வெல்வது நூற்றுக்கு 82. எஞ்சிய 18 எங்கும் ஓடிவிடவில்லை. ஆட்டத்தில் மிக இழிந்ததெனப்படும் ஏழும் இரண்டும் வெவ்வேறு சின்னத்தில் வந்தாலும், நூற்றுக்கு 12 முறை அவை ஏஸை வீழ்த்தும். டாயில் பிரன்சன் என்னும் டெக்ஸாஸ்காரர் 1976, 1977 ஆகிய இரண்டாண்டும் உலகப் போட்டியை வென்றபோது, இரு முறையும் அவருடைய கடைசிக் கைச்சீட்டு பத்தும் இரண்டுமே. முதலாண்டில் எதிரியிடம் ஏஸும் ஜாக்கியும் இருந்தன. இதனால் பத்தும் இரண்டும் நல்ல சீட்டாகிவிடுமோ? ஆகாது.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் புளியங்கொட்டையைப் பந்தயமாக வைத்து நால்வர் ஆடுவோம். என் மைத்துனன் மட்டும் கைத்தொலைபேசியில் காசு வைத்து ஆடலானான். ஒரு நாள் அவனுடைய ஏஸ்களை ஏழும் இரண்டும் வென்றன. “மச்சான், எனக்கு ராசியில்லை, இனி வர வேண்டியது வந்தே தீரும்” என்று கூறி, அன்றிரவே பந்தயத்தை இருமடங்காக்கினான். பொழுது விடிவதற்குள் அரை மாதச் சம்பளம் போயிற்று. ஏஸ் தோற்றதில் அவன் பிழை யாதுமில்லை. அந்த 12-க்குத் தலைவிதி என்று பெயரிட்டு, அவ்விதி தனக்குக் கடன்பட்டிருப்பதாக எண்ணியதே அவனைக் கவிழ்த்தது. முந்திய ஆட்டத்தில் எவன் அழுதான் என்பது கலைத்த கட்டுக்குத் தெரியாது.

நான் தோட்டத்துக் கிராணி. பால் வெட்டுக் கணக்கு எழுதுவது என் தொழில். மழை பெய்த காலையில் மரம் வெட்ட இயலாது. அதற்காக நல்ல வெட்டுக்காரனை மோசமானவன் என்று எவரும் எழுதுவதில்லை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது அவன் திறமை தானே விளங்கும். அவ்வாறே, ஒரு முடிவு சரியா தவறா என்பதை அன்றைய வெற்றியைக் கொண்டு அளவிடலாகாது. முடிவு செய்தபோது நாம் அறிந்திருந்ததைக் கொண்டே அளவிட வேண்டும்.

தோழர்களே, ஆடுங்கள் என்று நான் அழைக்கவில்லை. மாதக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு, ஒரே ஒரு தோல்வியும் தாங்கவொண்ணாதது. நூற்றுக்கு 88 என்னும் எண் அடுப்பெரியாத வீட்டில் ஆறுதலாகாது. புளியங்கொட்டையோடு நிறுத்துவோர் நிறுத்துக. எவராயினும், நல்ல சீட்டு வந்தால் துணிந்து விலை கூறுங்கள். நிலைமை மாறினால் தயங்காது கவிழ்த்திடுங்கள். தோற்றால் கணக்கைப் பாருங்கள், நெற்றியைத் தடவாதீர்கள்.