முகத்தைத் தூக்கும் முன்...

வயதை மறைக்க மனிதன் செய்யாத வேலை இல்லை. தலைக்கு டை, பல்லுக்கு செட், முகத்துக்கு... ஃபேஸ்லிஃப்ட்! இதை ஹாலிவுட் நடிகைகளின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் சாதாரண வேலையில் இருப்பவர்களும் சேமித்து வைத்துச் செய்துகொள்கிறார்கள். அழகுக்கான ஆபரேஷன் என்பதால் பொதுவாக இன்சூரன்ஸ் பணம் தராது. எல்லாம் சொந்தக் காசு.

சரி, இதில் கத்தி செய்வது என்ன? காதை ஒட்டி வெட்டி, தோலை அடியிலிருந்து பிரித்து, அதற்குக் கீழே இருக்கும் படலத்தை இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை நறுக்கிவிடுகிறார்கள். தொங்கிய கன்னமும் தாடையும் மேலே ஏறும். அவ்வளவுதான்! வெயில் தந்த கரும்புள்ளி, மெல்லிய சுருக்கம், சொரசொரப்பு எல்லாம் அப்படியே இருக்கும். பழைய துணியை இழுத்துக் கட்டினால் தொய்வு போகும். வெளுத்த சாயம் திரும்பி வருமா?

அதனால்தான் ஆபரேஷனுக்குச் சில மாதங்கள் முன்பே தோலைத் தயார் செய்கிறார்கள். இதில் முக்கியமானது ட்ரெட்டினாயின் என்ற க்ரீம். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய செல்களைச் சீக்கிரம் உதிரவைக்கும், அடியில் கொலாஜன் உருவாகத் தூண்டும். முதல் சில வாரங்கள் முகம் சிவந்து உரியும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். கர்ப்பிணிகள் தொடக்கூடாது.

இந்த க்ரீமுக்குப் பின்னால் ஓர் இருண்ட கதையும் உண்டு. இதைப் பிரபலமாக்கியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன். 1971-இல் பருவுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1995-இல் ரெனோவா என்ற பெயரில் மெல்லிய சுருக்கங்களுக்கும் அனுமதி வந்தது. ஆனால் இதே க்ளிக்மன் 1951 முதல் 1974 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் பலவிதமான பரிசோதனைகள் செய்தவர். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கையில் கிடைத்த கொஞ்சம் டாலருக்காக முதுகைக் காட்டியவர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி மன்னிப்புக் கேட்டது 2021-இல்தான். ஒருவரின் பளபளப்புக்குப் பின்னால் இன்னொருவரின் தழும்பு!

அடுத்தது கெமிக்கல் பீல், லேசர். இரண்டும் மேல்தோலை நீக்கிப் புதுத் தோல் வளரவைப்பவை. இங்கே காலம் முக்கியம். அந்தப் புண் முழுதாக ஆறிய பிறகே கத்தி வைக்க வேண்டும். அடியிலிருந்து பிரித்த தோலுக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைவு. அதன் மேலேயே ஆழமான லேசரும் போட்டால் ஆறுவது கஷ்டம். மாநிறத்தவர்களுக்கு இன்னொரு தொல்லை: புண் ஆறும் இடம் கறுத்துப்போகலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். க்ரீம், பீல், லேசர் எல்லாவற்றுக்கும் விலைப்பட்டியல் உண்டு, பேக்கேஜ் உண்டு. ஆனால் உண்மையில் முகத்தைக் காப்பாற்றும் தயாரிப்பு எது தெரியுமா? சிகரெட்டை நிறுத்துவது! நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பிரித்த தோலுக்கு ரத்தம் போகாமல் அது கறுத்து அழுகலாம். 1984-இல் வெளியான ஓர் ஆய்வு, புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து சுமார் 12 மடங்கு என்றது. அதனால்தான் குறைந்தது நான்கு வாரங்களாவது முன்னாலேயே நிறுத்தச் சொல்கிறார்கள். நிக்கோட்டின் சூயிங்கம், பேட்ச் கூடக் கூடாது.

அடுத்தது மாத்திரைப் பட்டியல். ஆஸ்பிரின், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய், ஜிங்கோ போன்றவை ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். ஃபேஸ்லிஃப்டில் அதிகம் வரும் சிக்கலே தோலுக்கடியில் ரத்தம் கட்டுவதுதான். எனவே சாப்பிடுவது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதய நோயாளிகள் ஆஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்துவதும் ஆபத்து. ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

கவனித்தீர்களா? சிகரெட்டை விடுவதற்கும் உண்மையைச் சொல்வதற்கும் காசே வேண்டாம். காசு வராததை யார் விளம்பரம் செய்வார்கள்? க்ரீமும் லேசரும் தோலை மெருகேற்றலாம். தோல் உயிரோடு இருந்தால்தானே மெருகு! பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது முகத்துக்கா, கல்லாப்பெட்டிக்கா?