இரண்டு காலண்டர் வீடு

எங்க வீட்டுச் சுவரில் முருகன் காலண்டர் ஒன்று, வேளாங்கண்ணி மாதா காலண்டர் ஒன்று. அப்பா இந்து, அம்மா கத்தோலிக்கர். 1954-ம் வருட சிறப்புத் திருமணச் சட்டப்படி, 30 நாள் நோட்டீஸ் ஒட்டி, 3 சாட்சிகள் கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்த கல்யாணம். யாரும் மதம் மாறவில்லை.

'எல்லாச் சாமியும் ஒண்ணுதான்' என்று மேடையில் பேசுவது சுலபம். எங்க வீட்ல அது ஒண்ணு இல்லை, ரெண்டுதான். தைப்பூச விரதத்தில் மீன் கிடையாது. தவக்கால வெள்ளியில் கறி கிடையாது. (நஷ்டம் என் நாக்குக்கு!)

இதெல்லாம் சமாளிக்கலாம். பெரியப்பா காரியம் முடிந்த இரவு அம்மா கேட்டாங்க: "என்னங்க, உங்களை எரிப்பாங்க, என்னைப் புதைப்பாங்க. அப்புறம் நாம தனித்தனியா?"

அப்பா பேசவே இல்லை.

பங்குச் சாமியாரிடம் விசாரித்தேன். தகனத்தைத் திருச்சபை 1963-லேயே அனுமதித்துவிட்டதாம். ஆனால் சாம்பலை ஆற்றில் கரைக்கக் கூடாது, புனித இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று 2016-ல் ரோம் சொல்லிவிட்டது. அப்பாவுக்கோ காவிரியில் கரைத்தால்தான் மனசு ஆறும். "எங்கம்மா பக்கத்துல மண்ணுக்குள்ளதான் நான்" என்று அம்மாவும் பிடிவாதம்.

பேச்சு அதோடு நிற்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குப் பாட்டி கல்லறையில் வெள்ளையடித்தவர் அப்பா. அடித்துவிட்டு, பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காலடியால் அளந்து பார்த்தார். எதுக்குன்னு அம்மா கேட்கலை. நானும் கேட்கலை.